பதினேழாம் எண்

சாந்தியாகோவில் ஜூலை குளிர்காலம்.
எங்கள் ஆய்வுக்கூடத்தில் மட்டும் இரண்டு பருவங்கள்:
இடது கதவைத் திறந்தால் பதினைந்து டிகிரி,
வலது கதவைத் திறந்தால் முப்பது.
நடுவில் நடைபாதை, என் நாற்காலி,
சுவெட்டரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நான்.

முப்பத்து மூன்று சிங்கோல்கள்.
செங்கல் நிறத்தில் கழுத்துப்பட்டி,
சீவ மறந்த தலையாய் ஒரு கொண்டை.
ஒவ்வொன்றும்
மூன்று நூறு பெசோ நாணயங்களைவிடக் கொஞ்சம் லேசு.
துணிப்பையில் போட்டுத் தராசில் தொங்கவிட்டால்
பைதான் மூச்சு விடுகிறதோ என்று தோன்றும்.

சிலவற்றுக்குத் தினை மட்டும்,
சிலவற்றுக்கு மாவுப்புழு.
இரவில் ஒவ்வொன்றாக இருட்டு டப்பாவில் வைத்து மூடி
எவ்வளவு காற்றை எரிக்கிறதென்று
குழாய் வழியே கணக்கெடுப்பேன்.
தூங்குகிற பறவைகூடச் சும்மா இருப்பதில்லை.
சும்மா இருப்பதற்கே விறகு வேண்டும்.

நான்கு வாரம் போயிற்று.
குளிரறையில் தட்டு வைக்க வைக்கக் காலி.
தராசு மட்டும் அதே இருபத்தொன்று,
மறுநாளும் அதே இருபத்தொன்று.
தின்றதெல்லாம் எங்கே போகிறது என்றேன்.
"பாதி எரிகிறது,
மீதியில் அடுப்பைப் பெரிதாகக் கட்டுகிறது"
என்றார் டாக்டர் பாயேசா.
அடுப்பைப் பார்க்க ஒரு வழிதான் உண்டு.
அதைச் செய்ததும் நான்தான்.

குடல் கனத்திருந்தது.
கல்லீரல் தடித்திருந்தது.
புழு தின்றவற்றின் சிறுநீரகம்
தினை தின்றவற்றினுடையதைவிட
ஒரு மொச்சைத் தோலளவு அதிகம்.
எல்லாவற்றையும் மில்லிகிராமில் எழுதினேன்.
ஒன்பதாவது பறவையில் கத்தரி நழுவியது.
அதை எழுதவில்லை.

வீட்டில் ஓஸ்மான் இல்லை.
வடக்கே, மேகத்துக்கு மேலே, தாமிரச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான்.
"இங்கே ரத்தம் தடித்துவிட்டதாம், எர்சிலியா" என்றான் போனில்,
ஏதோ பதவி உயர்வு கிடைத்தவன் குரலில்.
அவன் போனபின் காஸ் சிலிண்டர்
இரண்டு மாதம் வருகிறது.
அடுப்பைச் சூட்டுக்கென்று ஏற்றுவதில்லை.
பூசணி சோப்பைபியா பொரித்து
நின்றபடியே ஆறு தின்கிறேன்.
பாவாடைப் பொத்தான் இன்னும் அதே ஓட்டையில்.
எனக்குள்ளே எது வளர்ந்திருக்கும்?
கேட்க ஆளில்லை; திறந்து பார்க்கவும் மனசில்லை.

கணக்குக்கு ஒரு குழுவில் எட்டுதான்.
வெப்ப அறையில், தினைக் குழுவில்,
ஒன்று மிஞ்சியது. பதினேழு.
"வெளியே விட்டுவிடு" என்றார் பாயேசா,
கருணையாகத்தான் சொன்னார்.
வெளியே விடியலில் மைனஸ் ஒன்று.
புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல.
இருபத்தொரு கிராம் உடம்பில்
முப்பது டிகிரிக்கான சின்ன அடுப்பு.
அதை இப்படியே அனுப்பினால்
ஓர் இரவு தாங்குமா, இரண்டா?

கூண்டைத் தூக்கினேன்.
நடைபாதையைக் கடந்தேன்.
சுவெட்டரை மாட்டிக்கொண்டு
இடது கதவைத் திறந்தேன்.

முதல் நாள் பந்துபோல் உப்பி ஒரு மூலையில் நின்றது.
மூன்றாம் நாள் தட்டு காலி.
செத்தவற்றின் பங்குப் புழுக்கள்
ஒரு டப்பா மிஞ்சியிருந்தன; அவற்றையும் போட்டேன்.
தின்னு, என்றேன், அவசரமாகத் தின்னு.
தினமும் எடை பார்த்தேன்.
இருபத்தொன்று. இருபத்தொன்று.
ஒன்றுமே நடக்கவில்லை என்று
தராசு சாட்சி சொன்னது.
எனக்குத் தெரியும் என்ன நடக்கிறதென்று.

பதினெட்டாம் நாள் ஜன்னலைத் திறந்தேன்.
குயாய் மரத்தில் போய் உட்கார்ந்து
இந்த ஊர்ப் பிள்ளைகள் சொல்கிற அதே கேள்வியைக் கேட்டது:
அகுஸ்தீன் மாமாவைப் பார்த்தீர்களா?
பார்க்கவில்லை, என்றேன்.

பதிவேட்டில் பதினேழுக்கு எதிரே
'விடுவிக்கப்பட்டது, ஜூலை மூன்று' என்றிருக்கிறது.
கையெழுத்து என்னுடையது.
ஜூலை மூன்றாம் தேதி
அது குளிரில் நின்றுகொண்டு
என் விரலைக் கொத்திக்கொண்டிருந்தது.